இரண்டு போர், ஒரு தொட்டி, சில படங்கள்: மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டியை வரைந்து கட்டிய பதிவு

பொள்ளாச்சியை அடுத்த நெகமம் பக்கம் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் (எங்கள் பேச்சில் 'போர்') நீர்மூழ்கி மோட்டார்களையும், தரைத்தொட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் மோனோபிளாக் மோட்டாரையும் இப்போது ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அது தாண்டிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்களைப் பற்றித் தமிழிலேயே பலர் எழுதியிருப்பதால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நிரல் எழுதும் முன் வரைந்த படங்களைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன். மென்பொருளையும் இயந்திர ஏற்பாடுகளையும் படமாக வரைவதற்கான குறியீட்டு முறைகளான யூஎம்எல், சிஸ்எம்எல் ஆகிய பெயர்களைத் தேர்வுக்காகப் படித்து மறந்தவர்களுக்கும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கும் ஏதேனும் பயன்படலாம்.

முன்பு மூன்று மோட்டார்களுக்கும் தனித்தனி ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் மூன்றும் அடுத்தடுத்துக் கிளம்பிவிடும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் போர் மோட்டார்கள் நிற்கமாட்டா. தொட்டி காலியானாலும் சொட்டுநீர் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. கோடையில் இரண்டாவது போர் முக்கால் மணி நேரம் ஓடினாலே தண்ணீர் விட்டுவிடும் (தீர்ந்துவிடும்) என்பதால், அந்த மோட்டாரைக் காப்பாற்றுவதே முதல் கவலையாக இருந்தது. முதலில் எழுதிய நிரல் இஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லுப் பலகையில் ஓடிய, நிபந்தனைக்கு மேல் நிபந்தனையாக அடுக்கிய இருநூற்றைம்பது வரி. மேசையில் ஒழுங்காக ஓடிய அது, தோட்டத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்த நாள்களில் இரண்டாவது போரைத் தண்ணீர் இல்லாமலே மறுபடி மறுபடி ஓட்டியது. எந்த வரி அப்படிச் செய்யச் சொன்னது என்பதை நிரலைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கேதான் விசைப்பலகையை ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

எந்தப் படத்தை வரைவது என்ற கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் பெயர்க் குவியலில் மாட்டிக்கொள்வார். பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்த 1990களில் கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பாக், ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தத்தம் முறைகளை ஒன்றுசேர்த்ததிலிருந்து யூஎம்எல் உருவானது. 1997இல் ஓஎம்ஜி என்ற தரநிர்ணயக் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 2017இல் வெளியான 2.5.1 பதிப்பில் 14 வகைப் படங்கள் உள்ளன: அமைப்பைக் காட்டுபவை 7, நடத்தையைக் காட்டுபவை 7. மென்பொருளோடு இயந்திரம், கம்பி, குழாய், மனிதர் எல்லாம் சேர்ந்த ஏற்பாடுகளை வரைவதற்காக யூஎம்எல்லிலிருந்து கிளைத்ததுதான் சிஸ்எம்எல். 2007இல் முதல் பதிப்பைக் கண்ட அது, யூஎம்எல் படங்களில் சிலவற்றைக் கைவிட்டு, தேவைப் படம், அளவுருப் படம் ஆகிய இரண்டைப் புதிதாகச் சேர்த்து 9 படங்களோடு நின்றது. இவை அனைத்தையும் வரைந்தாக வேண்டும் என்று எந்தத் தரமும் கேட்பதில்லை. கல்லூரி ஆய்வக நோட்டு மட்டுமே அப்படிக் கேட்கும்.

நான் முதலில் எடுத்தது செயல்பாட்டுப் படம். பழைய பாய்வு வரைபடத்தின் சாயல் கொண்டது என்பதால் கை தானாக அங்கே போனது. தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி ஓடும் வேலைக்கு அது நன்றாகப் பொருந்தும். சொட்டுநீரில் உரம் கலக்கும் வேலையை அப்படித்தான் வரைவேன். மோட்டார் பெட்டிக்கோ முடிவு என்று ஒன்று இல்லை. ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருப்பதே அதன் முழுநேர வேலை. படத்தில் சாய்சதுரங்கள் பெருகி, "மின்சாரம் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வி பல மூலைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் தாளை மடித்து வைத்தேன். யார், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று காட்டும் பயன்பாட்டு வகைப் படம் ஒன்றும் வரைந்தேன்: ஒரு குச்சி மனிதன், மூன்று நீள்வட்டங்கள். அதிலிருந்து புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்று அதையும் ஒதுக்கினேன். அது அவசரப்பட்ட முடிவு என்பது பின்னால் தெரிந்தது.

உருப்படியாக உதவிய முதல் படம் சிஸ்எம்எல்லின் தேவைப் படம். ஒவ்வொரு தேவையும் ஒரு பெட்டி. அதற்கு ஓர் எண், ஒரு வாக்கியம். எந்தப் பாகம் அந்தத் தேவையை நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை அதைச் சரிபார்க்கிறது என்று புள்ளிக்கோட்டு அம்புகள் சொல்ல வேண்டும். சரிபார்க்கும் அம்பை எங்கே போடுவது என்று யோசிக்கும்போதுதான் வாக்கியத்தின் ஓட்டை தெரிகிறது. "தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்து" என்று எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது என்று யார், எதை வைத்துச் சொல்வது? கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தோம். 5 குதிரைத்திறன் மோட்டார் தண்ணீர் இழுக்கும்போது 8.2 முதல் 8.6 ஆம்பியர் வரை எடுத்தது. தண்ணீர் விட்டதும் 5.7க்கு இறங்கியது, குழாய் வாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும் இடைப்பட்ட நேரத்தில் முள் 6க்கும் 8க்கும் நடுவே ஆடியது. ஆகவே தேவை இப்படி மாறியது: "மின்னோட்டம் 6.5 ஆம்பியருக்குக் கீழே தொடர்ந்து 15 விநாடி இருந்தால் மோட்டார் நிற்க வேண்டும்." இது எங்கள் மோட்டாருக்கும் எங்கள் ஆழத்துக்கும் பொருந்தும் கணக்கு, வேறு தோட்டத்தில் டெஸ்டரைப் பிடித்துப் பார்த்துத்தான் எண்ணை எழுத வேண்டும்.

அடுத்தது உள்ளமைப்புப் படம். பாகங்களைப் பெட்டிகளாகவும், அவற்றின் இணைப்பு முனைகளை ஓரத்தில் சின்னச் சதுரங்களாகவும் போட்டு, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று கோடு இழுப்பது. எலக்ட்ரீஷியன் போடும் வயரிங் படத்திலிருந்து இது ஒரு வகையில் மாறுபடுகிறது: மின்சாரம், தகவல், தண்ணீர் மூன்றும் ஒரே தாளில் வரும். எங்கள் முதல் வரைவில், மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபேஸ் ரிலேயின் தொடர்பு முனை இஎஸ்பி32க்குள் நுழைந்து, அங்கிருந்து ரிலே பலகைக்கும், அதிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயிலுக்கும் போனது. விரலை வைத்து அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்ற செய்தி மோட்டாரை எட்டுவதற்கு முன் நான் எழுதிய நிரலைக் கடந்தே தீர வேண்டும் என்பது தெரிந்தது. நிரல் உறைந்துபோனால் மோட்டார் இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே தன் கம்பிச்சுற்றைக் கருக்கிக்கொள்ளும். போரிலிருந்து குழாய்களைக் கழற்றி ஏற்றும் கூலி தனி. கான்டாக்டர் காயில் 230 வோல்ட் என்பதால், அது எடுக்கும் ஆர் ஃபேஸ் போனால் கான்டாக்டர் தானே விழுந்துவிடும். மற்ற இரண்டில் ஒன்று போனால் விழாது. எனவே ஃபேஸ் ரிலேயின் ஒரு தொடர்பு முனையைக் காயிலோடு நேரே தொடர்ச்சியாக இணைத்தோம். இரண்டாவது முனை நிரலுக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. மோட்டாரைக் காக்கும் வழி மென்பொருளை நம்பியிருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் கோடாகப் பார்க்காதவரை அதை மீறியிருப்பதே எனக்குத் தெரியவில்லை.

பழைய ஸ்டார்ட்டர்களில் 415 வோல்ட் காயில்கள் இருந்தன. சின்ன ரிலே பலகையின் முனைகள் 250 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. இதுவும் முனைகளில் அளவுகளை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. காயில்களை மாற்றிவிட்டோம்.

இனி நிலைமாற்றப் படம். இந்த வேலையின் உயிர் இதில்தான் இருந்தது. மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்பது வட்டமுனைப் பெட்டி; எந்த நிகழ்வு வந்தால் எங்கே போகும் என்பது அம்பு; அம்பின் மேல் நிகழ்வு, சதுர அடைப்புக்குள் நிபந்தனை, சாய்கோட்டுக்குப் பின் செயல். போர் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள்: நிறுத்தம், காத்திருப்பு, ஓட்டம், ஊற்று ஓய்வு (தண்ணீர் தீர்ந்த போரில் ஊற்று மறுபடி சுரக்க விடும் நேரம்). சொட்டுநீர் மோட்டாருக்கு மூன்று: நிறுத்தம், ஓட்டம், தடை. தட்டையாக ஒரே படத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் காட்ட வேண்டுமென்றால் நான்கு பெருக்கல் நான்கு பெருக்கல் மூன்று, 48 பெட்டிகள் வேண்டும். விமான மின்னணு அமைப்புகளை வடிவமைத்தவர்களோடு வேலை செய்த டேவிட் ஹரெல் இதே பெருக்கத்தைச் சந்தித்து, நிலைக்குள் நிலை, பக்கத்துப் பக்கமாக ஓடும் மண்டலங்கள் என்ற இரண்டு உத்திகளை 1987இல் வெளியிட்டார். யூஎம்எல் அவற்றை எடுத்துக்கொண்டது. பெரிய பெட்டி ஒன்றைப் போட்டு "மும்முனை உண்டு" என்று பெயரிட்டு, உள்ளே புள்ளிக்கோடுகளால் மூன்று மண்டலங்களாகப் பிரித்தால் 48 என்பது 11 ஆகிவிடுகிறது. பெரிய பெட்டியின் விளிம்பிலிருந்து "மும்முனை இல்லை" என்ற நிலைக்கு ஒரே ஓர் அம்பு போதும். உள்ளே எந்தச் சேர்க்கையில் இருந்தாலும் அது பொருந்தும். பழைய நிரலில் அந்தச் சோதனையை எத்தனை இடத்தில் எழுதியிருந்தேன் என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

வெளியேறும் செயல் என்று ஒன்று உண்டு. "ஓட்டம்" பெட்டிக்குள் "வெளியேறும்போது: ரிலேயை விடு" என்று ஒருமுறை எழுதிவிட்டால், எந்த அம்பு வழியாக வெளியே போனாலும் ரிலே விடப்படும். பழைய நிரலில் ஒவ்வொரு கிளையிலும் அந்த வரியைத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. புதிய கிளை சேர்க்கும்போது அதை எழுத நினைவிருக்க வேண்டும்.

படத்தை மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து வைத்திருந்தோம். எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் அண்ணன் கான்டாக்டர் மாற்ற வந்தவர், குறியீடு எதையும் கேட்காமல் அம்புகளைப் படித்துக்கொண்டே வந்து, ஊற்று ஓய்வில் விரலை வைத்தார். "ஏனுங்க தம்பி, இதுல நிக்கறப்ப கரண்டு போயிட்டு வந்துதுன்னா எந்தப் பொட்டில வந்து நிக்குமுங்க? போன பொட்டியிலயா, மொதப் பொட்டியிலயா?" என்றார். படத்தின்படி முதல் பெட்டியில்தான். ஊற்று ஓய்வு 90 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் மின்சாரம் போய் வந்தால், பெட்டி எல்லாவற்றையும் மறந்து மோட்டாரை மறுபடி ஓட்டி, 15 விநாடி வறட்டில் சுழலவிட்டு, மறுபடி ஓய்வுக்குப் போகும். மின்சாரம் பத்து முறை போய் வந்தால் பத்து முறை இதே கதை. பழைய நிரல் செய்ததும் இதேதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்காக யூஎம்எல்லில் ஒரு வட்டத்துக்குள் ஹெச் எழுத்துப் போட்ட வரலாற்றுக் குறியீடு இருக்கிறது. பெரிய பெட்டிக்குள் திரும்ப நுழையும்போது, விட்ட நிலையிலேயே தொடரச் சொல்லும். அதைப் போட்டுப் பார்த்தேன். ஓய்வில் இருந்தது ஓய்வுக்கே திரும்பியது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த மூன்று மோட்டார்களும் மின்சாரம் வந்த அதே நொடியில் ஓட்டத்துக்குத் திரும்பின. எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் எல்லாத் தோட்டத்து ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்பதால், மின்சாரம் வந்த முதல் ஓரிரு நிமிடம்தான் வோல்டேஜ் படு மோசமாக இருக்கும். அந்த நேரத்தில் மூன்றையும் சேர்த்துக் கிளப்புவது ஃபியூஸ் போட ஆள் தேடும் வேலை. ஆகவே ஹெச்சை அழித்துவிட்டு, நுழைவாயிலில் ஒரு சிறு சாய்சதுரம் வைத்தோம்: ஓய்வு முடியும் நேரம் இன்னும் வரவில்லை என்றால் ஊற்று ஓய்வுக்கு, இல்லையென்றால் காத்திருப்புக்கு. இதற்கு மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் வேண்டும் என்பதால் பட்டன் பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று சேர்ந்தது. முடியும் நேரத்தை இஎஸ்பி32 தன் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது.

வரிசைப் படம் ஒன்றும் வரைந்தோம், மின்சாரம் திரும்பும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும். பாகங்களுக்குச் செங்குத்துக் கோடுகள், அவற்றுக்கிடையே மேலிருந்து கீழாகச் செய்திகள், ஓரத்தில் இடைவெளி விநாடிகள். முதல் போர் 150 விநாடி கழித்து, இரண்டாவது மேலும் 40 விநாடி கழித்து, தொட்டியின் நீர்மட்டத்தைச் சொல்லும் மூன்று மிதவைகளில் நடு மிதவை மேலே இருந்தால் சொட்டுநீர் மோட்டார் அதற்கும் 40 விநாடி கழித்து. வேறு எதற்கும் இந்தப் படம் தேவைப்படவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, இழுத்துப்போட்டு வரையும் மென்பொருளில் ஒரு பெட்டியை நகர்த்தினால் பத்து அம்புகளைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆகவே பிளான்ட்யூஎம்எல்லுக்கு மாறினேன். படத்தை உரையாக எழுதினால் அது வரைந்து தருகிறது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்திலேயே படத்தின் உரையும் இருப்பதால், எந்த மாற்றத்தின்போது எந்த அம்பு வந்தது என்று பார்க்க முடிகிறது. நிலைமாற்றப் படத்துக்கு, பெட்டிகளை இடம்பார்த்து அடுக்கும் கிராஃப்விஸ் என்ற மென்பொருளையும் நிறுவியிருக்க வேண்டும். வரிசைப் படத்துக்கு வேண்டாம். பெட்டிப் பெயர்களைத் தமிழிலேயே வைத்து, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைக் குறிப்பிட்டேன். தேவைப் படத்தை வகுப்புப் படப் பெட்டிகளின் தலையில் «தேவை» என்று குறியிட்டுச் சமாளித்தேன்.

நிரலை மண்டலத்துக்கு ஒரு கோப்பாக, அம்புக்கு ஒரு வரியாகப் புதிதாக எழுதியபோது அது பழையதைவிடக் கொஞ்சம் நீண்டதே தவிரக் குறையவில்லை. சோதனைக்கு மோட்டார்களுக்குப் பதில் மூன்று 40 வாட் பல்புகளும், மிதவைகளுக்குப் பதில் சுவிட்சுகளும் பொருத்திய ஒரு பலகை. அச்சிட்ட படத்தை அருகில் வைத்து, ஒவ்வோர் அம்பையும் வேண்டுமென்றே நடக்கச் செய்து, நடந்ததைப் பென்சிலால் டிக் செய்தோம். கடைசி வரை டிக் விழாமல் நின்ற அம்பு "தொட்டி நிரம்பியது". குழாயிலிருந்து விழும் தண்ணீரின் அலையை வடிகட்ட மிதவைக்கு 5 விநாடி பொறுத்துப் பார்க்கும் நேரம் கொடுத்திருந்தேன். மிதவையின் நிலையைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பல்புப் பலகையில் மாட்டியதால் தொட்டி வழியாமல் தப்பியது.

தோட்டத்தில் பொருத்திய பிறகு வந்த சிக்கல் வேறு வகை. மேட்டுப் பக்கத்து நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்று சித்தப்பா ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி மோட்டாரை ஓட்டினார். பெட்டியின் கணக்கில் மோட்டார் "நிறுத்தம்". கண்ணெதிரே அது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் இருக்கும் மோட்டாரின் மின்னோட்டத்தைப் பெட்டி பார்ப்பதில்லை என்பதால், தண்ணீர் விட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்காது. கான்டாக்டரை இயக்குவது பெட்டி மட்டுமே என்ற அனுமானம் படம் முழுக்க ஓடியிருந்தது. நான் ஒதுக்கிவைத்த பயன்பாட்டு வகைப் படத்தில் அந்தக் குச்சி மனிதனை இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால், அவருக்கும் கான்டாக்டருக்கும் நேராக ஒரு கோடு தேவை என்பது தெரிந்திருக்கும். கான்டாக்டரின் துணைத் தொடர்பு முனையை ஓர் உள்ளீடாக எடுத்து, "கையால் ஓட்டம்" என்ற ஐந்தாவது நிலையைச் சேர்த்தோம். தண்ணீர் இழுக்காவிட்டால் நிறுத்தும் அம்பு இந்த நிலையிலிருந்தும் புறப்படும். தொட்டி நிரம்பியது என்ற அம்பு புறப்படாது, ஏனெனில் அவர் தண்ணீரைத் தொட்டிக்கு விடுவதில்லை. கையால் ஓட்டியதைப் பெட்டி நிறுத்த வேண்டுமென்றால் சிவப்புப் பொத்தானின் சுற்றில் ரிலே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். போருக்கு ஒன்றாக இரண்டு. வாங்கியிருந்த நான்கு ரிலே பலகை போதாமல் எட்டு ரிலே பலகை வாங்க நேர்ந்தது.

செலவில் மிகப் பெரிய தொகை தொட்டிக்கும் மோட்டார் ரூமுக்கும் இடையே 400 அடி நான்கு கோர் கேபிளுக்குப் போனது, 3,200 ரூபாய். ஃபேஸ் ரிலே 1,400, மின்னோட்ட உணரிகள் மூன்றும் 1,800, மிதவைகள் மூன்றும் 1,050, தண்ணீர் புகாத பெட்டி 900, இஎஸ்பி32 பலகை 550, கடிகாரச் சில்லு 180. காயில்கள், ரிலே பலகைகள், 5 வோல்ட் மின்வழங்கி எல்லாம் சேர்த்து 12,000க்குள் முடிந்தது. எலக்ட்ரீஷியன் கூலி தனி. படம் வரையும் மென்பொருள்களுக்குக் காசு இல்லை.

மறுபடி செய்தால் குச்சி மனிதனிலிருந்து தொடங்குவேன், செயல்பாட்டுப் படத்தைத் தொடமாட்டேன். 2025இல் ஏற்கப்பட்ட சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பு, படத்துக்கு இணையான உரைவடிவக் குறியீட்டைத் தரத்திலேயே சேர்த்திருப்பதால், தேவைகளை அதில் எழுதிப் பார்க்க எண்ணம் உண்டு. அதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து வேலை நிற்கிறது. அங்கே இருப்பது கம்ப்ரஸர் போர். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்ரஸர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், மின்னோட்டத்தை வைத்து வறட்சியைக் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டுக் கொட்டும் தண்ணீருக்கு 15 விநாடிக் கணக்கும் சரிவராது. மெக்கானிக் அண்ணன் சொன்னபடி வெளியேறும் குழாயில் ஒரு ஃபுளோ ஸ்விட்ச் போட்டு, ஓட்டத்திலிருந்து ஊற்று ஓய்வுக்குப் போகும் அம்பின் நிபந்தனையை மட்டும் மாற்றி வரைந்து வைத்திருக்கிறேன். எத்தனை விநாடி என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்தப் போர் எவ்வளவு இடைவெளி விட்டுக் கொட்டுகிறது என்று நின்று பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.